ப்ளூ நோட் 1960–65: முதல் பதிப்பா, லிபர்ட்டிப் பதிப்பா, புதிய பதிப்பா?

சென்ற ஆண்டு லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’ முதல் பதிப்பை விற்றுவிட்டேன். காதைப் போன்ற அந்தச் சின்னஞ்சிறு முத்திரையும், லேபிளில் நியூயார்க் முகவரியும் இருந்த 1964ஆம் ஆண்டுத் தட்டு. கிடைத்த பணத்தில், அதை வெளியிட்ட ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் அதே ஐந்தாறு ஆண்டுகளில் வெளியிட்ட ஆல்பங்கள் ஒன்பதைப் புதிய பதிப்பில் வாங்கினேன். இசைத்தட்டு சேர்க்கும் நண்பர்கள் இன்றும் என்னிடம் கோபமாகத்தான் பேசுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இந்த ஆல்பங்களை முதல்முறை வாங்கப் போகிற எவருக்கும் இதே குழப்பம் வரும்.

இந்தக் காலகட்டத்தின் பெருமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிறுவனர் ஆல்ஃபிரட் லயன் தேர்ந்தெடுத்த கலைஞர்கள், பிரான்சிஸ் உல்ஃப் எடுத்த படங்கள், ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டைகள், நியூஜெர்சியின் எங்கில்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டர் செய்த ஒலிப்பதிவு. இந்த நால்வரும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் வந்த விளைவு அது. 4031 என்ற எண்ணைத் தாங்கிய ஹாங்க் மோப்லியின் ‘சோல் ஸ்டேஷன்’ 1960இல் பதிவானது. 4195 எண்ணுள்ள ஹெர்பி ஹான்காக்கின் ‘மெய்டன் வாயேஜ்’ 1965இல் பதிவானது. இடையிலுள்ள எண்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நல்ல தட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்குகிறவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, லயன் நிறுவனத்தை நடத்திய நாளில் நியூஜெர்சியின் பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டு. லேபிளுக்கும் கடைசி உருப்படிக்கும் இடையே வெறுமையாக இருக்கும் வளையத்தில் அந்தக் காது முத்திரை தெரியும். அது ஆலைப் பெயரின் முதல் எழுத்தான ‘பி’யைச் சாய்த்து எழுதியது என்கிறார்கள், சேகரிப்பவர்களுக்கு அது காதுதான். இரண்டாவது, நிறுவனம் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் கைக்கு மாறிய பின், 1966 முதல் அச்சானவை. அவற்றில் காது இருக்காது. ஆனால் பழைய உலோக அச்சுகளையே பயன்படுத்தியதால், பல தட்டுகளில் ‘வான் கெல்டர்’ என்ற முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: மிச்சமிருந்த நியூயார்க் லேபிள்களை லிபர்ட்டியும் கொஞ்ச நாள் ஒட்டியது. எனவே லேபிளை மட்டும் பார்த்து முதல் பதிப்பு என்று பணம் கொடுத்துவிடாதீர்கள். காதைத் தேடுங்கள். மூன்றாவது, 2019 முதல் வந்த புதிய பதிப்புகள். ஜோ ஹார்லியின் மேற்பார்வையில் வரும் ‘டோன் போயட்’ வரிசை ஒன்று. விலை குறைந்த ‘கிளாசிக்’ வரிசை மற்றொன்று. இரண்டுக்கும் மூல ஒலிநாடாக்களிலிருந்து தட்டின் பள்ளங்களை வெட்டித் தருபவர் கெவின் கிரே.

ஜப்பானியப் பதிப்புகளும் வான் கெல்டரே மறுசீரமைத்த சிடிகளும் தனியாகப் பேச வேண்டியவை. சிடிகள் மலிவு, கேட்க நன்றாகவும் இருக்கின்றன. இசை மட்டும் போதும் என்பவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். கிளாசிக் தட்டு ஏறக்குறைய 25 முதல் 30 டாலர், டோன் போயட் 35 முதல் 40 டாலர். முதல் பதிப்புகள் சில நூறு டாலரில் தொடங்கி, டீனா புரூக்ஸின் ‘ட்ரூ ப்ளூ’ போன்றவை ஆயிரக்கணக்கில் போய் நிற்கின்றன. ஆனால் என்னைப் புதிய பதிப்பின் பக்கம் தள்ளியது விலை அல்ல. தேய்மானம்.

அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் விற்ற ‘சைட்வைண்டர்’ என் கைக்கு வந்தபோது கண்ணாடி போல் மின்னியது. விற்றவர் மேல்தரம் என்று எழுதியிருந்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் கூட இல்லை. ஊசியை வைத்தேன். முதல் பக்கத்தின் தலைப்பு உருப்படி அருமையாக ஒலித்தது. இரண்டாவதான ‘டோட்டம் போல்’ பாதியைத் தாண்டியபோது, மார்கனின் ட்ரம்பெட் உச்சத்துக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் கிழிந்த துணியைப் போலக் கரகரத்தது. கழுவிப் பார்த்தேன். ஊசியை மாற்றிப் பார்த்தேன். நண்பரின் வீட்டுக் கருவியில் வைத்துப் பார்த்தேன். கரகரப்பு அப்படியே இருந்தது, ஏனென்றால் அது தூசு அல்ல. ஊசி ஓடும் பள்ளத்தின் சுவரே உரிந்துபோயிருந்தது.

1960களின் தொடக்கத்தில் வீட்டுக் கருவிகள் எப்படி இருந்தன என்று யோசித்தால் காரணம் புரியும். இன்று ஊசியைத் தாங்கும் ஒரு நல்ல கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய 2 கிராம் எடையோடு தட்டின் மேல் உட்காருகிறது. அன்றைய மேசைக் கருவிகள் பலவற்றில் அது 5 கிராமுக்கும் மேல். வைர ஊசி வாங்க வசதியில்லாதவர்கள் நீலக்கல் ஊசி வைத்திருந்தார்கள். அது சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய ஊசி உளியைப் போல் பள்ளத்தைச் செதுக்கும். ஸ்டீரியோ தட்டுகளுக்கு இன்னொரு கேடும் நேர்ந்தது. ஸ்டீரியோப் பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் அசைய வேண்டும். பழைய மோனோ கார்ட்ரிட்ஜால் அது முடியாது. வீட்டில் மோனோக் கருவி வைத்துக்கொண்டு ஸ்டீரியோ தட்டை ஓட்டியவர்கள், ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு வான் கெல்டரின் வேலைப்பாணியும் சேர்கிறது. அவர் தட்டு வெட்டும்போது ஒலி அளவை உயர்த்தியே வெட்டுவார். அந்தத் துணிச்சல்தான் ப்ளூ நோட்டின் முகம். ஆனால் உயர்ந்த அளவில் வெட்டிய பள்ளத்தில் கனமான ஊசி ஓடினால் சேதமும் அதிகம். தட்டின் உள்பக்கம் நெருங்க நெருங்க நிலைமை மோசமாகும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டின் வெளிவிளிம்பில், நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. பள்ளம் ஊசியைக் கடக்கிறது. உள்விளிம்பில் அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே ட்ரம்பெட் ஒலியைப் பாதி இடத்துக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டிய நெருக்கடி. அதனால்தான் என் தட்டின் முதல் உருப்படி பிழைத்தது, இரண்டாவது பாழானது.

இதில் ஒரு முரண் உண்டு. மக்கள் கொண்டாடிய தட்டுகளே அதிகம் தேய்ந்தவை. ‘சைட்வைண்டர்’, ஹோரஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’, ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் தி சிக்கன் ஷாக்’ எல்லாம் வீட்டு விருந்துகளில் ஓடி ஓடி உழைத்தவை. எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’, ஆண்ட்ரூ ஹில்லின் ‘பிளாக் ஃபயர்’ போன்ற கடினமான ஆல்பங்களைப் பலர் இரண்டு முறை கேட்டுவிட்டு எடுத்து வைத்துவிட்டார்கள். அவை நல்ல நிலையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விற்ற பிரதிகள் குறைவு என்பதால் விலை ஏறிக்கிடக்கிறது. முதல் பதிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் இந்தப் பக்கம் தேடினால் ஏமாற்றம் குறையும் என்பது என் கணிப்பு.

தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. கீறல் தெரியும், நெளிவு தெரியும், அட்டையின் கிழிசல் தெரியும். பள்ளத்தின் காயம் காதுக்கு மட்டுமே தெரியும், அதுவும் பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. நேரில் போய், கடைக்காரரிடம் சொல்லி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை ஓட்டிக் கேட்க முடிந்தால் மட்டும் முதல் பதிப்பை வாங்குங்கள். முடியாதென்றால் பெரிய தொகையைப் பணயம் வைக்கிறீர்கள்.

புதிய பதிப்பில் இந்தக் கவலையே இல்லை. உறையைப் பிரித்து வைத்தால் ‘டோட்டம் போல்’ கடைசி நொடிவரை சுத்தமாக ஒலிக்கிறது. பாப் கிரான்ஷாவின் பேஸில் விரல் நரம்பை இழுக்கும் ஓசையை நான் முதன்முறை தெளிவாகக் கேட்டது புதிய பதிப்பில்தான். அதற்கும் காரணம் உண்டு. அன்றைய மலிவான கருவிகளில் ஊசி துள்ளிவிடக் கூடாது என்பதற்காக, தட்டு வெட்டும்போது அடித்தள ஒலியைக் கொஞ்சம் குறைத்து, நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். இன்று அந்தக் கட்டாயம் இல்லாததால் நாடாவில் இருந்த பேஸ் தட்டுக்கும் வந்து சேர்கிறது.

ஆனால் முதல் பதிப்புக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். தேயாத முதல் பதிப்பு ஒன்றை, ‘சோல் ஸ்டேஷன்’ மோனோவை, நண்பர் வீட்டில் ஒரு மாலை முழுவதும் கேட்டிருக்கிறேன். ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸ் சிம்பல்கள் நெற்றியில் வந்து மோதின. மோப்லியின் டெனர் சாக்ஸபோன் அறையின் நடுவே ஆள் நிற்பது போல நின்றது. புதிய பதிப்பு அதைவிட விரிவாக, நிதானமாக ஒலிக்கிறது. அந்த முட்டி மோதும் வேகம் அதில் ஒரு படி குறைவுதான். என்னிடம் மோனோ கார்ட்ரிட்ஜ் இல்லை, கேட்டதும் இரண்டு மூன்று தட்டுகளே என்பதால் இதற்கு மேல் உறுதியாகப் பேச எனக்கு அருகதை இல்லை. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆண்டுகளில் வான் கெல்டர் இரண்டு தட நாடாவில்தான் பதிவு செய்தார், மோனோ தட்டு அந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எடுத்தது. ஆகவே மோனோதான் மூலம், ஸ்டீரியோ பிற்சேர்க்கை என்ற வாதம் இந்த ஆல்பங்களுக்குப் பொருந்தாது.

புதிய பதிப்பின் பக்கம் இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. லயன் வெளியிட்டதைவிடப் பதிவு செய்தது மிக அதிகம். கிட்டார் கலைஞர் கிரான்ட் கிரீன் 1962 ஜனவரியில் சோனி கிளார்க், சாம் ஜோன்ஸ், ஆர்ட் பிளேக்கியுடன் வாசித்த ‘நைஜீரியா’ பெட்டகத்தில் கிடந்து, 1980இல்தான் வெளிவந்தது. டீனா புரூக்ஸ் தலைமையேற்றுப் பதிவு செய்த நான்கு அமர்வுகளில் அவர் வாழ்நாளில் வெளியானது ‘ட்ரூ ப்ளூ’ ஒன்றே. 1974இல், 42 வயதில், மற்ற மூன்றையும் தட்டாகப் பார்க்காமலே இறந்துபோனார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1975 முதல் தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்கூனா அந்தப் பெட்டகத்தைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். ‘நைஜீரியா’வுக்கு 1962 பதிப்பு என்ற ஒன்றே கிடையாது. டோன் போயட் அதை இரட்டை மடிப்பு அட்டையில், உல்ஃபின் படங்களோடு போட்டபோது, அந்த இசைக்கு முதன்முறையாக அதற்குரிய மரியாதை கிடைத்ததாகவே எனக்குப் பட்டது.

கிளாசிக்கா, டோன் போயட்டா என்று கேட்டால், ஒலியில் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. இரண்டையும் வெட்டுவது ஒரே கைதான். அட்டையின் கனத்துக்கும் உள்ளே இருக்கும் படங்களுக்கும் பத்து டாலர் கூடுதலாகத் தர மனமிருந்தால் டோன் போயட். மறுவிற்பனையில் கிளாசிக் தட்டுகள் கடையில் எப்போதும் கிடைப்பதால் விலை ஏறாது. முதல் பதிப்பு தன் விலையைக் காத்துக்கொள்ளும். முதலீடாகப் பார்ப்பவருக்கு அது முக்கியம்தான். நான் இதுவரை விற்றது ஒரே ஒரு தட்டு, அதையும் தேய்மானத்தைச் சொல்லி விலை குறைத்தே கொடுத்தேன். இதில் என் வார்த்தையை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி லிபர்ட்டிப் பதிப்பு. வான் கெல்டர் வெட்டிய அதே ஒலி வேண்டும், முதல் பதிப்பின் விலை முடியாது என்பவருக்கு இதுவே சரியான வழி. 1960களின் கடைசியில் வாங்கப்பட்டதால் கொஞ்சம் இலகுவான ஊசிகளைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதுவும் பழைய தட்டுதான், கேட்காமல் வாங்கக் கூடாது. என்னிடம் கென்னி பரலின் ‘மிட்நைட் ப்ளூ’ அப்படி ஒன்று இருக்கிறது. பியானோவே இல்லாத குழு: கிட்டார், ஸ்டான்லி டரன்டைனின் சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ், ரே பரேட்டோவின் காங்கா. கடையில் நின்று இரண்டு பக்கத்தின் கடைசி உருப்படிகளையும் முழுதாகக் கேட்ட பிறகே பணம் எடுத்தேன். காது முத்திரை இல்லை, அட்டையின் ஓரம் பிய்ந்திருக்கிறது, முந்தைய உரிமையாளர் பின்பக்கம் பேனாவால் ஏதோ கணக்கு எழுதியிருக்கிறார். புதிய பதிப்புகள் ஒன்பதுக்கும் நடுவே அது ஒன்று மட்டும் பழையது. அதை மட்டும் விற்க மாட்டேன்.