இரண்டு முறை இடம் மாறிய கோப்பு: மாவட்டக் கல்வி அலுவலகச் சேவை பற்றிய மதிப்பீடு

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் மாவட்ட நிர்வாகம் 2018இலும் 2022இலும் திருத்தியமைக்கப்பட்டது. அவ்விரு முறையும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில், அந்த அலுவலகங்கள் எங்களுக்கு அளித்த சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

2018 மே மாதத்தில் அரசாணை 101 வெளியாகும் வரை, தொடக்கப்பள்ளிகளுக்கு மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலரும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குத் தனி ஆய்வாளரும் இருந்தனர். அந்த அரசாணை இப்பிரிவுகளை நீக்கியது. புதிய கல்வி மாவட்டங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் எல்லா வகைப் பள்ளிகளையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் பொறுப்பில் வைத்தது. இதனால் எங்களுக்குக் கிடைத்த நன்மையை மறுக்க மாட்டேன். முன்பு ஒரு கையொப்பத்துக்காக மாவட்டத் தலைநகர் வரை சென்று ஒரு நாளை இழந்த ஆசிரியரால், அதன்பின் அலுவலகம் அருகிலேயே இருந்ததால் பிற்பகல் வகுப்புக்குத் திரும்பிவிட முடிந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் உயர்கல்வி பயில முன் அனுமதி கோரி அனுப்பிய விண்ணப்பம், பழைய அலுவலகம் கலைக்கப்பட்ட வாரத்தில் கட்டுக்கட்டாக மூட்டை கட்டப்பட்ட கோப்புகளோடு சென்று, எந்தப் பிரிவு எழுத்தரின் மேசையிலும் வந்து சேரவில்லை. கோப்பின் அலுவலகப் பதிவு எண்ணான ந.க. எண்ணைச் சொன்னால், அது பழைய அலுவலகத்தின் எண் என்றார்கள். புதிய எண் கேட்டால், கோப்பு வந்தால்தான் எண் தர முடியும் என்றார்கள். அங்கிருந்த பணியாளர்களை நான் குறை கூறவில்லை. உயர்நிலைப் பள்ளிக் கோப்புகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்களிடம் ஒன்றியப் பள்ளிகளின் விதிகளை ஒரே நாளில் ஒப்படைத்தது நியாயமன்று. ஆனால், அந்த ஆசிரியைக்கு ஒரு கல்வியாண்டு கைநழுவியது. அது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

2022இல் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டன. எங்கள் விதிகளை அறிந்தவர்களிடம் எங்கள் கோப்புகள் திரும்பிச் சென்றதால், தேவையற்ற விளக்கக் கடிதங்கள் குறைந்தன. பயணத் தொலைவு மட்டும் மறுபடியும் நீண்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தொலைவைப் பொறுத்துக்கொண்டு இந்த அமைப்பையே ஏற்பேன்; தெரியாதவரிடம் அருகில் சென்று நிற்பதைவிடத் தெரிந்தவரிடம் தொலைவில் சென்று நிற்பது மேல்.

இரண்டாம் முறை கோப்புகள் கைமாறியபோது, கண்காணிப்பாளர் ஒருவர் யாரும் பணிக்காமலேயே, பழைய எண், புதிய எண், நிலுவையின் தன்மை, பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் ஆகியவற்றைக் கொண்ட ஒப்படைப்புப் பதிவேடு ஒன்றைத் தம் கையால் எழுதி வைத்திருந்தார். எங்கள் பள்ளியின் நிலுவைக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டபோது, அவர் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டி, எழுந்து சென்று, அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து என் முன் வைத்தார்.