‘கம்பனி ஸ்பிரிங்’ என்று சொல்லி வெட்டிய ஸ்பிரிங்கைப் பூட்டிய கராஜ்: ஸ்டொக் பிரிவில் ஓட இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் நாளாந்தம் ஓட்டும் காரையே பொழுதுபோக்கு ஓட்டோகுரொஸ் போட்டியில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பெரிதாக மாற்றாத கார்களுக்கான ஸ்டொக் பிரிவில் இறக்க நினைப்பவர்கள், ஷொக் அப்சோபர் மாற்றுவதற்குக் காரை ஒரு கராஜில் விடுவதற்கு முன் இதை வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏ9 வீதியோரம் உள்ள ஒரு கராஜில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, கிறவல் தரையில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓடவிடுகிறார்கள். விதிகளைப் புதிதாக எழுதி அடிபடாமல், எஸ்.சி.சி.ஏ. எனப்படும் அமெரிக்க விளையாட்டுக் கார் கழகத்தின் சோலோ (ஓட்டோகுரொஸ்) விதிநூலில் உள்ள ஸ்ட்ரீட் பிரிவையே பின்பற்றுகிறார்கள். 2014 இல் பெயர் மாறும்வரை அங்கும் அது ஸ்டொக் பிரிவுதான். செய்யலாம் என்று எழுதப்படாத எதையும் செய்யக்கூடாது என்பதே அந்த நூலின் அடிப்படை. ஷொக்கை வேறு நிறுவனத்தினதாக மாற்றலாம், எண்ணெய் ஷொக்குக்குப் பதிலாகக் காஸ் ஷொக் போடலாம். ஆனால் பூட்டும் இடமும் முறையும் மாறக்கூடாது, வெளியிலிருந்து திருகிச் சரிசெய்யும் அமைப்புகள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் அன்ரி-ரோல் பாரை முன்னால் அல்லது பின்னால், ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றலாம். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை இளக்கமே இல்லை: அது காரோடு வந்த அதே வகையாக இருக்கவேண்டும், வெட்டவோ குறுக்கவோ கூடாது, அது அமரும் தட்டும் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே இருக்கவேண்டும்.

இந்தப் பகுதியை அச்சிட்டுக் கராஜ் உரிமையாளரின் கையிலேயே கொடுத்து, என் சுசுகி சுவிஃப்ட் காருக்கு ஷொக் நான்கையும் மட்டும் மாற்றித் தருமாறு கேட்டேன். அவர் காரை ஒருமுறை அமத்திப் பார்த்துவிட்டு, “ஸ்பிரிங்கும் இளகிப்போச்சு தம்பி, கம்பனி ஸ்பிரிங் புதுசாவே கிடக்கு, அதையும் மாத்தினால்தான் சரிவரும். பிரிவு ஒண்டும் மாறாது, யோசியாதேங்கோ” என்றார். அதே வகைக் கம்பனி ஸ்பிரிங் என்றால் விதியில் தடையில்லை என்பதால் சம்மதித்தேன். ஷொக், ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 96,000 ரூபா பில் வந்தது. பழைய சாமான்களைக் கேட்டபோது இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று என்றார்கள். கார் பதிந்து நிற்கிறதே என்று கேட்டதற்கு, ஓட ஓட எழும்பும் என்று பதில் வந்தது. புதுஸ்பிரிங் ஓட ஓடச் சற்றுப் பதியுமே தவிர எழும்பாது; அந்தப் பதிலைத் தொழில் தெரிந்த ஒருவர் கூச்சமில்லாமல் சொன்னார் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

போட்டிக்கு முந்திய பரிசோதனையில் உண்மை வெளிவந்தது. பரிசோதகர் பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்திச் சில்லுகளைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றினார். அது தடையில்லாமல் சுழன்றது. சுவிஃப்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் தனித்தனியே நிற்பதால், சில்லு முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் தட்டுகளுக்கு இடையில் இறுகியிருக்கவேண்டும். இறுகவில்லையென்றால் அது குட்டை. ரோச் வெளிச்சத்தில் கடைசிச் சுற்றின் முனையைப் பார்த்தோம்: கிரைண்டர் வெட்டிய இடம் நீலம் பாரித்திருந்தது, அதன்மேல் கறுப்பு ஸ்பிரே அடிக்கப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டியபோது ஸ்பிரேக்குக் கீழே துருக்குழிகளும், தொழிற்சாலை அடையாளத்துக்குப் பூசும் நிறப்புள்ளியும் தெரிந்தன. காரை வாங்கிய காலத்தில் நான் எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே புள்ளி இருக்கிறது. இரும்புக்காரனுக்குப் போனதாகச் சொல்லப்பட்டது என் சொந்த ஸ்பிரிங். அதையே வெட்டி, கறுப்படித்து, புதியது என்று எனக்கே விற்றிருக்கிறார்கள். கார் மாற்றியமைத்த பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கே எஞ்சின்வரை கைவைத்த கார்களோடு ஓடுவதில் பயனில்லை என்று விலகிக்கொண்டேன்.

போட்டி போனது சிறிய விடயம். ஸ்பிரிங்கின் விறைப்பு வேலைசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதேவேளை ஷொக் அசையும் தூரம் குறைவதால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள ரப்பர் தடுப்பில் இடித்து நிற்கிறது. முன்பக்கத்தில் சில்லைத் தாங்கும் கீழ்க்கை (லோவர் ஆர்ம்) சாய்ந்து எலைன்மென்ட் குலைய, ரயரின் உள்விளிம்பு தேயத் தொடங்குகிறது. எல்லாவற்றையும்விட, கார் ஒரு மேட்டில் எகிறிச் சில்லு தொங்கும் கணத்தில் பின்ஸ்பிரிங் தட்டிலிருந்து விலகிவிடலாம். நான் இந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் போய்வந்திருக்கிறேன்.

கராஜில் கேட்டபோது, பூட்டிய சாமானைத் திருப்பி எடுக்கமுடியாது என்றும், பந்தயக் கார் என்றால் பதிந்துதான் இருக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். நான் கொடுத்த தாள் மேசையிலேயே கிடந்தது. பில்லில் ‘ஸ்பிரிங் – கம்பனி – 4’ என்று மட்டும் இருக்கிறது, பாக இலக்கம் இல்லை. நீங்கள் வேலை கொடுக்கும்போது பாக இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போதே வாங்கிக்கொள்ளுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை நாலு பக்கமும் அளந்து வையுங்கள்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாவித்த, வெட்டாத ஸ்பிரிங் நான்கை எடுப்பித்து வேறொரு பாஸிடம் பூட்டிவிட்டேன். கழற்றியவற்றைச் சான்றாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்தபின், முறைப்பாட்டை மீளப்பெற்றால் ஸ்பிரிங் காசில் பாதியைத் தருவதாகக் கராஜிலிருந்து ஆள் அனுப்பினார்கள், மறுத்துவிட்டேன். ஏ9 வீதியோரக் கராஜ்களில் அண்மையில் இதே வேலை செய்வித்தவர்கள், ஜக்கை மட்டும் நம்பாமல் காரைத் தாங்கும் ஸ்டாண்டும் வைத்து, பின்சில்லுகளைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். சுழன்றால் காரை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.