தப்பொலியைக் காட்சியாக்க: கையால் வரைவதா, கணினியில் அமைப்பதா?

இலங்கை மலையகத்தின் நாட்டார் கூத்தான காமன் கூத்தில் முழங்கும் தப்பு எனும் பறையின் ஒலியை, வட்டம், கோடு போன்ற வடிவங்கள் மட்டுமே அசையும் அரூப அசைபடமாக்க விரும்பும் மலையக இளைஞர்கள், படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் (frame) கையால் வரைவதா, ஒலிக்கேற்ப அசையும் உருவங்களைக் கணினியில் அமைப்பதா என்று தயங்குவதுண்டு.

செலவு
கை: தாளும் விளக்குப் பெட்டியும் கைபேசிக் கமெராவும் போதும்.
கணினி: அசைபட மென்பொருளான பிளெண்டர் (Blender), நிரல் எழுதிக் காட்சி அமைக்க உதவும் புரொசெசிங் (Processing) ஆகியவை இலவசம், கணினிதான் விலை.

உழைப்பு
கை: நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில், ஒவ்வோர் ஓவியத்தையும் இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும், ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் தேவை.
கணினி: விதியை ஒருமுறை அமைத்தால் இசையின் நீளம் பொருட்டல்ல.

தாளப் பொருத்தம்
கணினி: பிளெண்டர், தேர்ந்தெடுத்த அதிர்வெண் வரம்பின் ஒலி வலிமையை அசைவு வளைகோடாக (உருவம் எந்தக் கணத்தில் எவ்வளவு அசையும் என்பதைக் குறிக்கும் கோடு) மாற்றித் தரும், எனவே தப்பின் ஆழ்ந்த அடிக்கு ஒரு வட்டத்தையும், மெல்லிய குச்சியின் கூரிய ஒலிக்கு ஒரு கோட்டையும் இணைக்கலாம். ஆயினும் பல தப்புகள் ஒருங்கே ஒலிக்கும் பதிவில் அது எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாகவே எடுத்துக்கொள்ளும்.
கை: அடி மாறப்போவதை முன்னரே அறிந்து, கோட்டைச் சற்றுப் பின்வாங்கச் செய்து பாயவிட வரைபவரால் முடியும். 1940களில் கனடாவில் பிலிம் சுருளின் மீதே வரைந்த அசைபடக் கலைஞர் நோர்மன் மெக்லாரனின் வேலையில் இந்த உயிர்ப்பைக் காணலாம். (கணினியிலும் வளைகோட்டைத் திருத்தலாம், ஆனால் அதுவும் கைவேலைதானே.)

மேடையில் நேரடியாக வாசிக்கும்போது திரையில் காட்டவும், நீண்ட பதிவுகளுக்கும் கணினியே ஏற்றது. அரை நிமிடத் தனித் தப்படிக்கு நான் கைவரைவையே தேர்வேன்.