குவாரி பேங்க் பஞ்சாலை: முதலில் பிள்ளைகள் இல்லம், பிறகு சக்கரம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு அருகில், ஸ்டைல் என்னும் ஊரில் பொலின் ஆற்றங்கரையில் உள்ள குவாரி பேங்க் பஞ்சாலையைப் பார்க்கச் செல்பவர்கள், ஆலைக்குள் நுழைவதற்கு முன்பே பயிற்சிப் பிள்ளைகளின் இல்லத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். 1784இல் சாமுவேல் கிரெக் இங்கே ஆலையை நிறுவியதற்குக் காரணம் ஆற்றின் வேகம். ஆனால் தண்ணீர் கிடைத்த இடத்தில் ஆட்கள் கிடைக்காததால், ஏழையர் விடுதிகளிலிருந்து சிறுவர் சிறுமியரை வரவழைத்து, 1790இல் அவர்களுக்கென இந்த இல்லத்தைக் கட்டினார். வரிசையாகப் போடப்பட்ட அந்தச் சிறிய கட்டில்களின் அருகே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இயந்திரத்தில் ஒரு விரலை இழந்த தாமஸ் பிரீஸ்ட்லி என்ற சிறுவன், 1806இல் தாயைப் பார்க்கும் ஏக்கத்தில் தோழன் ஒருவனோடு லண்டன்வரை ஓடிப்போய், நீதிபதிகள் முன் அளித்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது.

அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆலைக்குள் சென்றால், நூற்கும் இயந்திரம் முன்னும் பின்னும் நகர்வதை வேடிக்கையாக மட்டும் பார்க்க முடியாது. அதன் அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டியதும், அறுந்த இழைகளைப் பிணைத்ததும் அந்தக் கைகள்தாம். ஒன்றிரண்டு தறிகளை ஓட்டிக் காட்டும்போதே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. அங்கே நூலான பஞ்சு அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்தது என்பதையும், கிரெக் குடும்பத்துக்கே டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

இப்போது சுழலும் பெரிய நீர்ச்சக்கரம் இந்த ஆலையின் பழைய சக்கரம் அன்று. யார்க்‌ஷயரின் வேறோர் ஆலையிலிருந்து கொண்டுவரப்பட்டது. பழைய சக்கரத்தின் வேலையை 1904இல் டர்பைன்கள் ஏற்றுக்கொண்டன. ஆனாலும் தண்ணீர் விழுந்து இரும்புச் சக்கரம் மெல்ல அசையத் தொடங்கும் அந்தக் கணத்துக்காகவே மறுபடியும் செல்லலாம். தாமிரபரணித் தண்ணீரால் ஓடிய பாபநாசம் பஞ்சாலையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் நெருக்கமாக இருக்கும்.

1939இல் கிரெக் குடும்பத்தினர், பழமையான இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்த இந்த வளாகத்தில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால், பெரியவர்களோடு செல்பவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்குவது நல்லது. தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட செங்கல் வீடுகளையும் நடந்துபோய்ப் பார்க்கலாம். அவற்றில் இன்றும் மக்கள் குடியிருப்பதால் சன்னல்களுக்குள் எட்டிப் பார்க்காமல் செல்ல வேண்டும்.