ஒன் நோட்ரம்ப்புக்குப் பின் என்ன சொல்வது: 15–17 முறையை நெடுநாள் ஆடியதில் கண்டவை

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில், நான்கு நிறமும் ஏறக்குறைய சமமாக உள்ள சமநிலையான கையில் 15 முதல் 17 புள்ளி இருந்தால் ஒன் நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு பிடி, அதாவது ஏழு சுற்று, வெல்வோம்) என்று ஏலத்தைத் தொடங்கும் முறையை, ஸ்டேமன் (நான்கு ஸ்பேடோ ஹார்ட்டோ உண்டா என்று கேட்பது), டிரான்ஸ்ஃபர் (நம் நீண்ட நிறத்துக்கு ஒரு படி கீழான நிறத்தைச் சொல்லி, நம் நிறத்தைக் கூட்டாளியே சொல்ல வைப்பது) ஆகிய பதில்களோடு சேர்த்து, பொள்ளாச்சியிலும் எல்லைக்கு அப்பால் கொழிஞ்சாம்பாறையிலுமாக ஒரே கூட்டாளியுடன் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். தொடங்கியவர் தம் கையை ஏறத்தாழ முழுவதுமாக ஒரே ஏலத்தில் சொல்லிவிடுவதால், எங்கே நிற்பது என்ற பொறுப்பு எதிரே அமர்ந்திருப்பவரிடம் வந்துவிடுகிறது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கட்டில் மொத்தம் 40 புள்ளிகள். இரு கைகளிலும் சேர்த்து 25 இருந்தால் த்ரீ நோட்ரம்ப்பின் 9 பிடிகளுக்குத் துணியலாம்.

பதில் சொல்பவரிடம் பத்து புள்ளி இருந்தாலும் ஐந்து இருந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை; தொல்லையெல்லாம் எட்டில்தான். எட்டுக்கு டூ நோட்ரம்ப் சொல்லிக் கூட்டாளியை மூன்றுக்கு அழைக்க வேண்டும் என்றே எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள். ஆனால் 16-ஐ விட 15-உம், 17-ஐ விட 16-உம் அதிகமாக வருவதால், அந்த அழைப்பு பெரும்பாலும் மறுக்கப்பட்டு, 23 புள்ளிகளை வைத்துக்கொண்டு 8 பிடிகள் எடுக்க வேண்டிய நிலையில் முடிகிறது. ஒன் நோட்ரம்ப்பிலேயே நின்றிருந்தால் ஏழு போதும். ஆகவே நாங்கள் அழைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டோம்; எட்டைப் பார்த்தால் பாஸ், அல்லது நேராக மூன்று.

எது எந்த எட்டு என்பதைச் சீட்டுகளே சொல்கின்றன. ஸ்பேடில் ராணி-6-3, ஹார்ட்டில் ஜாக்கி-7-4-2, டைமண்டில் ராஜா-5-2, கிளப்பில் ராணி-6-4 என்பது பாஸ் சொல்ல வேண்டிய கை. 4-3-3-3 அமைப்பு என்பதால் நான்கு ஹார்ட் இருந்தும் ஸ்டேமன் கேட்பதில்லை. ஸ்பேடில் 7-4, ஹார்ட்டில் ராஜா-6-3, டைமண்டில் ஏஸ்-ஜாக்கி-10-9-5, கிளப்பில் 8-5-2 என்பதும் எட்டுதான், ஆனால் அந்த ஐந்து டைமண்டுக்காகவே த்ரீ நோட்ரம்ப் சொல்லிவிடுவேன். “பத்தையும் ஒன்பதையும் பாருங்க சார், புள்ளியை அப்புறம் எண்ணலாம்” என்பார் கூட்டாளி. அணிப் போட்டியில் வல்னரபிளாக (போனஸும் தண்டனையும் கூடுதலாகும் நிலையில்) இருக்கும்போது கேமுக்கு, அதாவது த்ரீ நோட்ரம்ப் போன்ற ஏலத்தில் வென்றால், 500 போனஸ் என்பதால், 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த வாய்ப்பு இருந்தாலே ஏலம் கேட்பது கட்டும். அங்கே எங்கள் பாஸ்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

டூ கிளப்ஸ் கேட்டு நான்கு சீட்டு மேஜரை (ஸ்பேடு அல்லது ஹார்ட்டை) தேடும் ஸ்டேமனை வகுத்தவர் ஜார்ஜ் ரபீ. 1945-இல் அதைக் கட்டுரையாக எழுதிய அவருடைய கூட்டாளி சாம் ஸ்டேமனின் பெயரே நிலைத்துவிட்டது.

டிரான்ஸ்ஃபர்தான் எங்கள் பக்கத்தில் புதியவர்களுக்குக் கசக்கிறது. இருபத்தெட்டு, ஐம்பத்தாறு என்ற சீட்டாட்டங்களை ஆடிப் பழகியவர்களுக்கு, ஐந்து ஹார்ட்டை வைத்துக்கொண்டு டூ டைமண்ட்ஸ் சொல்வது பொய் சொல்வதுபோல் இருக்கிறது. பயனை மேசையில்தான் காட்ட முடியும்: தொடங்கியவரே ஆட, கூட்டாளியின் கை மேசையில் விரிக்கப்படுவதால் பலமான கை மறைந்தே இருக்கிறது, எதிரியின் முதல் சீட்டு அந்தக் கையில் வந்து முடிகிறது, அங்கே ராஜாவும் ஒரு சிறு சீட்டும் மட்டும் இருந்தாலும் முதல் சுற்றில் ராஜா பிழைக்கிறது. ஒரு புள்ளியும் இல்லாத கையில் ஐந்து ஸ்பேடு இருந்தால் டூ ஹார்ட்ஸ் சொல்லி, டூ ஸ்பேட்ஸ் வந்ததும் பாஸ் செய்யலாம். பத்து புள்ளி இருந்தால் அடுத்து த்ரீ நோட்ரம்ப் சொல்லி, ஆட்டம் நோட்ரம்ப்பிலா ஸ்பேடிலா என்பதைத் தொடங்கியவரிடம் விடலாம்.

ஃபோர் நோட்ரம்ப் இங்கே ஏஸ்களைக் கேட்பதில்லை, ஸ்லாமுக்கு (12 பிடிகளுக்கு) அழைக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். 16 புள்ளியோடு அழைத்தால், தொடங்கியவரிடம் 17 இருக்கும்போது அதற்கு வேண்டிய 33 தேறும்.

இந்த முறையில் எனக்கு இன்றும் பிடிக்காதது, பலவீனமான கையில் நீண்ட கிளப்போ டைமண்டோ வந்தால் படும் பாடு. டூ கிளப்ஸும் டூ டைமண்ட்ஸும் வேறு வேலைக்குப் போய்விட்டதால் இரண்டாம் படியில் நிற்க வழியில்லை. டூ ஸ்பேட்ஸ் சொல்லித் த்ரீ கிளப்ஸை வரவழைத்து, கிளப்பானால் அங்கேயே நின்று, டைமண்டானால் த்ரீ டைமண்ட்ஸ் என்று திருத்துகிறோம். அதற்கும் ஆறு சீட்டாவது வேண்டும், ஐந்தே இருந்தால் பாஸ்தான்.