இருவருக்கும் 92: தனிக்கதையா, தொடர்கதையா?

ராட் செர்லிங் 'தி ட்விலைட் ஸோன்' (1959–64) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 156 அத்தியாயங்களில் 92-ஐ எழுதினார். மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 'பாபிலோன் 5' என்ற விண்வெளி நிலையத் தொடரின் 110 அத்தியாயங்களில் எழுதியதும் 92! எண் ஒன்று, உழைப்பின் தன்மை வேறு.

செர்லிங்குடையது வாரம் ஒரு புதுக்கதை. ஒன்று சொதப்பினால் அந்த வாரத்தோடு போச்சு; மேத்சன், போமாண்ட் போன்ற எழுத்தாளர்களிடம் சுமையைப் பகிரவும் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் உலகம், பாத்திரம், திருப்பம் எல்லாமே புதிதாக வேண்டும். சரக்கு சீக்கிரம் தீரும். நான்காம் பருவத்தில் (சீசனில்) அரைமணியை ஒருமணியாக்கியபோது பல கதைகள் நீர்த்துப்போயின. ஒரே திருப்பம் அவ்வளவு நேரம் தாங்காது. அடுத்த பருவத்தில் அரைமணிக்கே திரும்பினார்கள்.

ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்தாண்டுக் கதையை முன்பே திட்டமிட்டார். இங்கே ஆபத்து வெளியிலிருந்து வரும். நிலையத் தளபதியாக, நாயகனாக நடித்தவர் முதல் பருவத்தோடு விலகினார். எந்த நடிகர் போனாலும் கதை நகர ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்றுவழி வைத்திருந்ததால், புதுத் தளபதியோடு தொடர முடிந்தது. நான்காம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற நிலை வந்ததும் முக்கிய முடிச்சுகளை அதிலேயே அவிழ்த்து, இறுதி அத்தியாயத்தையும் படமாக்கிவிட்டார். பிறகு வேறு சேனல் ஐந்தாம் பருவம் கேட்டது. எடுத்த இறுதியை 1998 வரை நிறுத்திவைத்தார்கள். ஐந்தாம் பருவத்தின் தொடக்கம் தொய்ந்ததற்கு இந்த அவசரமே பெரிய காரணம்.

புதிதாக எழுத வருபவர் தனிக்கதையில் கைபழகுவதே நல்லது. முடிக்கும் பழக்கம் அதில்தான் வரும்.