புகையும் இருட்டும்: நெட்ஃபிளிக்ஸ் 499 திட்டத்தில் எங்கள் ஒன்பது மாதம்

அப்பாவுக்குப் போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இரண்டாவது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று சாயங்காலம் வீட்டில் இருந்த பழைய டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "கருப்பு கருப்பாவே இல்லையேடா" என்றார். திண்டுக்கல்லில் முப்பத்தொரு வருஷம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர் அவர். கார்பன் குச்சி எரிந்த காலத்திலிருந்து செனான் விளக்கு வந்த காலம் வரை கேபினில் நின்ற கண். அந்தக் கண்ணுக்கு இப்போதுதான் மறுபடியும் தெளிவு வந்திருக்கிறது, அதற்குக் கழுவிவிட்ட மாதிரி ஒரு படத்தையா காட்டுவது? அடுத்த வாரமே 43 இன்ச் டிவி வாங்கினேன். நெட்ஃபிளிக்ஸில் மாதம் 499 ரூபாய் திட்டத்தைப் போட்டேன்.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. எந்தத் தொடர் நன்றாக இருக்கிறது, எது போர் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேறு. அந்தக் கம்பெனி அனுப்பும் படமும் சத்தமும் நம் வீட்டுக்கு எந்த நிலையில் வந்து சேர்கின்றன, கொடுக்கிற காசுக்கு அது தகுமா என்பது மட்டும்தான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் பிழைப்பு கல்யாண வீடியோ எடிட்டிங். 2003-ல் இந்தத் தொழிலுக்கு வந்தபோது விசிடி காலம். ஒரு தட்டில் 74 நிமிஷம். படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி. வீடியோவுக்கு விநாடிக்கு 1150 கிலோபிட் தகவல், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. முகூர்த்தத்தில் ஹோமப் புகை எழுந்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும். "பொண்ணு முகத்துல என்னங்க கட்டம் விழுது?" என்று வந்து கேட்பார்கள். எத்தனை தடவை மறுபடி ஓட்டினாலும் அந்தப் புகை உடையத்தான் செய்யும்.

காரணம் எளிது. விசிடிக்கோ நெட்டுக்கோ வீடியோவைச் சுருக்கும் எந்த முறையானாலும், போன ஃபிரேமில் (ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்தில்) இருந்தது இந்த ஃபிரேமிலும் இருந்தால் அதைத் திரும்ப எழுதாது. சுவர் அசையாது, தூண் அசையாது, அந்த இடத்தில் பிட் மிச்சம். புகை அப்படியா? ஒரு கணம் இருந்த மாதிரி அடுத்த கணம் இருப்பதில்லை. மழையும் அப்படித்தான். தூவுகிற அட்சதை, ஆரத்தித் தட்டில் ஆடும் கற்பூரச் சுடர், பட்டுப் புடவையில் மின்னும் ஜரிகை எல்லாம் பிட்டைத் தின்னும். கொடுத்த பிட் போதவில்லை என்றால் அங்கேதான் முதலில் கட்டம் தெரியும். இருபது வருஷமாக எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது புகைக்கும் இருட்டுக்கும்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1920க்கு 1080 அளவுள்ள படத்தை, விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம், சுருக்காமல் அப்படியே அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 600 மெகாபிட் வேண்டும். நிறத் தகவலை ஏற்கெனவே கால்வாசியாகக் குறைத்த பிறகும் இவ்வளவு. வீட்டுக்கு வந்து சேர்வதோ ஐந்து மெகாபிட்டுக்குப் பக்கம். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! அதைப் பார்த்துத்தான் நாம் கண் கலங்குகிறோம், சிரிக்கிறோம். இந்த வித்தையின் அடிப்படையில் இருப்பது 1974-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை. பெங்களூரில் பிறந்த நாசிர் அஹ்மத், அவருடைய மாணவர் டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூன்று பேரும் எழுதியது. படத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களை ஒதுக்கிவிடும் வழியை அது தந்தது. விசிடியில் நான் பார்த்து எரிச்சலான கட்டங்கள் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்கள்தான். நம் ஊர்ப் பெயர்களை அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே முதல் தடவை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஜேபெக் புகைப்படத்திலிருந்து டிவிடி வரை எல்லாம் அதன் மேல் எழுந்தவை.

சரி, நெட்ஃபிளிக்ஸுக்கு வருகிறேன். இவர்கள் முதலில் எல்லாப் படத்துக்கும் ஒரே ஏணி வைத்திருந்தார்கள். கீழ்ப்படி 235 கிலோபிட், மேல்படி 5800 கிலோபிட். நெட் வேகம் கூடக்கூட மேல்படிக்கு ஏறும், குறைந்தால் இறங்கும். 2015 டிசம்பரில் அதை மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் தனி ஏணி என்று அறிவித்தார்கள். கார்ட்டூனுக்கு எதற்கு 5800? தட்டையான நிறம், சுத்தமான கோடு, குறைந்த பிட்டிலேயே பளிச்சென்று இருக்கும். அங்கே மிச்சம் பிடித்துவிட்டு, கூட்டமும் புகையும் உள்ள படத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். அப்புறம் சுருக்கிய படம் மனிதக் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று மதிப்பெண் போடும் விமாஃப் என்ற கருவியையும் உருவாக்கி, 2016-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டார்கள். என் எடிட்டிங் கம்ப்யூட்டரில் நானே அதைப் போட்டு ஓட்டுகிறேன். கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொடுப்பதற்கு முன் ஹோமக் காட்சிக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

நான் எப்படிச் சோதித்தேன் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்தினால், எந்த அளவில், எத்தனை கிலோபிட்டில் படம் வருகிறது என்று திரையிலேயே வரும். ஒரு இரவு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அதையே பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும் இரண்டு முகங்கள் இருக்கும் காட்சியில் எண் குறைவாக இருந்தது, மழைச் சண்டைக்கு ஏறியது. முக்கியமான விஷயம், மழையில் கட்டம் விழவில்லை. கதாநாயகன் சட்டை நனைந்து ஒட்டியிருந்த மடிப்புகூடத் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு புகைமண்டலக் காட்சியை டிவியில் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "புகை புகையா இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அதே வாரத்தில் நாங்கள் சந்தா கட்டிய இன்னொரு தளம் இப்படி இல்லை. அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்தி வானம் வரும் காட்சியில் ஆரஞ்சு நிறம் நீலத்துக்கு மெல்ல மாறுவதற்குப் பதில் வரப்பு வரப்பாக, படிக்கட்டு மாதிரி நின்றது. இருட்டில் ஒருவன் நடந்து போனால் அவன் பின்னால் கருப்பு அழுக்கு நெளிந்தது. அப்பா பாதியிலேயே எழுந்து படுக்கப் போய்விட்டார். மாதம் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் நல்ல படம் அங்கே இருந்து கிளம்பினால் மட்டும் போதாது, நம் வீட்டுக்குள் வந்து சேர வேண்டும். இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும்.

முதல் சிக்கல், மாடியில் எடிட்டிங் அறை டிவியில் செருகி நெட் படம் பார்க்க வாங்கிய மலிவான ஸ்டிக். கீழே பளிச்சென்று தெரிந்த அதே முகம் மாடியில் மாவு பூசிய மாதிரி மங்கலாக இருந்தது. கேபிளை மாற்றினேன், நெட்டைத் திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த ஸ்டிக்கில் வைட்வைன் எல்3 மட்டும்தான். திருட்டு நகல் எடுக்காமல் இருக்கப் படத்துக்குப் போடும் பூட்டுதான் வைட்வைன். அந்தப் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாக நடந்தால் எல்1. வெறும் மென்பொருளில் நடந்தால் எல்3. இந்த மாதிரி ஸ்டிக்கிலும் போனிலும் எல்3 என்றால் எச்டி வராது, 480 வரிதான் (படத்தின் உயரம் 480 புள்ளி) வரும், நீங்கள் எந்தத் திட்டத்துக்குக் காசு கட்டியிருந்தாலும் சரி. கடைக்காரர் அட்டையில் பெரிதாக 4கே என்று போட்டுத்தான் கொடுத்தார். ஸ்டிக்கோ மலிவு போனோ வாங்குமுன் எல்1 இருக்கிறதா என்று கேளுங்கள். போனில் இதைக் காட்ட இலவசச் செயலிகள் உண்டு.

இரண்டாவது, ராத்திரி எட்டரை மணிக்கு மேல் படம் மங்கி மங்கித் தெளிந்தது. நெட்காரரைக் கூப்பிட்டால் "சார், எங்க பக்கம் ஸ்பீடு கரெக்டா இருக்கு" என்று மூன்று தடவை அதே பதில். ஃபாஸ்ட் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸே நடத்துவது, அவர்களுடைய சர்வரிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு வேகம் என்று அளக்கும். அதில் பகலில் 90 மெகாபிட் காட்டியது, ராத்திரி 4. 1080 வரி எச்டிக்கு 5 வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டு அளந்தால் ராத்திரியும் 90 வந்தது. ஆக, குறை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பரண் மேல் ரவுட்டர், சுற்றிலும் பன்னிரண்டு வீட்டு வைஃபை, எல்லாம் ஒரே அலைவரிசையில். அந்த இடத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனவரும் நெட்காரர் அனுப்பிய ஆள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி, திரைச்சீலைக் கம்பி ஓரமாக இழுத்து டிவியில் செருகினேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட மங்கவில்லை.

இந்தப் பாதையில் நெட்ஃபிளிக்ஸ் செய்திருக்கும் ஒரு ஏற்பாட்டைப் பாராட்ட வேண்டும். ஓபன் கனெக்ட் என்ற பெயரில், படங்கள் நிரப்பிய பெட்டிகளை நெட் கம்பெனிகளின் இடத்திலேயே வைக்கக் கொடுக்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டி புதுப் படங்களை நிரப்பிக்கொள்ளும். நாம் ராத்திரி பார்க்கும்போது படம் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. படப்பெட்டி பக்கத்து ஊர் டிப்போவிலேயே இருக்கிற மாதிரி என்று அப்பாவுக்குச் சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டார். அவர் காலத்தில் படப்பெட்டி பஸ்ஸில் வரத் தாமதமானால் முதல் ஆட்டமே தள்ளிப்போகும்.

மூன்றாவது, டிவியின் சொந்தப் புத்தி. புது டிவி வாங்கிய இரண்டாம் நாளே அப்பா, "சினிமா சீரியல் மாதிரி ஓடுது" என்றார். 24 ஃபிரேமுக்கு நடுவில் டிவி தானாக ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறது. செட்டிங்கில் மோஷன் என்று ஏதாவது பெயரில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பிக்சர் மோடில் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் வையுங்கள். முதல் பத்து நிமிஷம் மஞ்சளாகத் தெரியும், அப்புறம் பழைய மோடுக்குப் போகவே மனசு வராது.

சத்தம். 2019 மேயில் 5.1 ஆடியோவை (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் ஸ்பீக்கரும் உள்ள அமைப்புக்கான சத்தம்) விநாடிக்கு 640 கிலோபிட் வரை உயர்த்தினார்கள், முன்பு 192. நல்ல ஸ்பீக்கர் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எங்களைப் போல டிவி ஸ்பீக்கரிலேயே கேட்பவர்களுக்கு வேறு கவலை: 5.1-ல் வசனம் நடு ஸ்பீக்கருக்கு உரியது, அது இல்லாத வீட்டில் பேச்சு இசைக்குள் அமுங்கிப்போகும். ஆடியோ பட்டியலில் 5.1 போடாத தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்பாவுக்கு அது போதவில்லை, சப்டைட்டிலும் போட்டுக்கொள்கிறார்.

ஒரு விஷயத்தில் அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. கிரெய்ன். பழைய ஃபிலிம் படங்களில் திரை முழுக்க மெல்லிய மணல் மாதிரி அசைந்துகொண்டிருக்குமே, அது. சுருக்கும் முறைக்கு அது பரம எதிரி, புகையைவிட மோசம், ஏனென்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுக்க முழுக்கப் புதிது. 2018-ல் வந்த ஏவி1 என்ற சுருக்கும் முறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிரெய்னை எடுத்துவிட்டு, அது எப்படி இருந்தது என்ற குறிப்பை மட்டும் அனுப்புவார்கள், டிவி அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாகத் தூவும். எனக்கு இது அழகான தீர்வாகப் படுகிறது. அப்பாவுக்கு ஒப்பவில்லை. "எடுத்த மண்ணு வேற, தூவுற மண்ணு வேற" என்கிறார். ஆயிரக்கணக்கான அடி ஃபிலிமைக் கையால் ஒட்டியவர் சொல்கிறார், நான் வாதாடவில்லை.

எந்தத் திட்டம் எடுப்பது? 2021 டிசம்பரில் விலை குறைத்தபோது வந்த கணக்கைச் சொல்கிறேன். 149 போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், 480 வரி. பஸ்ஸில் போகும்போது டவுன்லோடு செய்து பார்ப்பவருக்கு அது போதும், ஆறு இன்ச் திரையில் குறை தெரியாது. 199 திட்டத்தில் இப்போது 720 வரி கிடைக்கிறது, டிவியிலும் ஓடும், 32 இன்ச் வரைக்கும் சரி. 499-க்கு 1080 வரி, ஒரே நேரத்தில் இரண்டு திரை. 649-க்கு 4கேயும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆரும். எங்கள் டிவி 43 இன்ச், அப்பாவின் நாற்காலி ஒன்பது அடி தள்ளி. அந்தத் தூரத்தில் 4கேயையும் 1080-ஐயும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியவில்லை, அவராலும் முடியவில்லை. ஒரு மாதம் 649 போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 55 இன்ச்சுக்கு மேல், நல்ல எச்டிஆர் பேனல் இருந்தால் அந்த 150 ரூபாயைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்த மாதமும் 499 கட்டியாயிற்று. படம் தொடங்கும் முன் டியூப்லைட்டை அணைப்பது அப்பாவின் வேலை, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கருப்பு சரியில்லை என்று சொல்லக் கூடாதாம். கறிகாய் நறுக்க வெளிச்சம் வேண்டும் என்று அம்மா சத்தம் போட்டால், "இடைவேளையில நறுக்கு" என்கிறார்.